ஓட்டுநருக்குச் சொல்லித்தராமல் சாவியைத் தராதீர்கள்

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கான ட்ரெம் 4 மாசுக் கட்டுப்பாட்டு விதி 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டிய விதி அது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போனது. அதற்குள் என்ஜின்களை மாற்றிவிட்டார்கள். அவற்றை ஓட்டப்போகிறவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சாவியைக் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்ற நிலைதான் இன்னும் இருக்கிறது. ஓட்டுநருக்கு நேரில் பயிற்சி தராமல் இந்த வகை டிராக்டரை ஒப்படைப்பதை அரசு தடை செய்ய வேண்டும்.

50 முதல் 75 குதிரைத்திறன் வரையிலான என்ஜின், ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 0.40 கிராம் வரை கரித்துகள் வெளியிடலாம் என்றது பழைய விதி. புதிய விதியில் அது 0.025 கிராம்; பதினாறில் ஒரு பங்கு. யாரோ நகரவாசிகளுக்காக வந்த கட்டுப்பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேபின் கிடையாது. புகைக்குழாயோ ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நிற்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

கரியைப் பிடிப்பதற்காகப் பல மாடல்களில் புகைப்பாதையில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ரோட்டவேட்டர் போட்டு முழுச் சுமையில் உழும்போது புகை நன்றாகச் சூடாகும். பிடித்த கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். வெறும் டிரெய்லரை இழுக்கும்போதும் வரப்போரத்தில் என்ஜினைச் சும்மா ஓடவிடும்போதும் அந்தச் சூடு வராது, கரி சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி பலவீனமாக இருந்ததால், ஒருமுறை ஸ்டார்ட் ஆன வண்டியை அணைக்கவே கூடாது என்பது பழைய ஓட்டுநர்களின் கைப்பழக்கம். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்றைக்கு அதே பழக்கம்தான் வடிகட்டியை அடைக்கிறது.

கரி ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் என்ஜினின் கணினி கூடுதலாக டீசலைச் செலுத்தி, வடிகட்டியில் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றிக் கரியை எரிக்கிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். விளக்கு எரியும், என்ஜினின் சத்தம் மாறும், சைலன்சர் பக்கம் அனல் அடிக்கும். சொல்லித்தரப்படாத ஓட்டுநர் என்ன செய்வார்? வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அணைத்துவிடுவார். பாதியில் நிறுத்த நிறுத்த, எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கிறது. அளவுக்கம்பியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் ஆபத்து என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கடைசியில் இழுவை குறைந்து வண்டி நிற்கும். வைக்கோல் பரந்து கிடக்கும் இடத்தில் இது நடந்தால் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. அதற்காகவே ரீஜெனரேஷனைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தான் பல வண்டிகளில் உண்டு; அழுத்தியதை மறந்துவிட்டால் அதுவே அடைப்புக்குக் காரணமாகும்.

என்ஜின் ஆயில் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் கரி எரியும், சாம்பல் எரியாது. டிரம்மில் தேக்கிய டீசலில் தண்ணீரோ தூசியோ இருந்தால் உயர் அழுத்த இன்ஜெக்டர்கள் கெட்டுப்போகும். பெரிய என்ஜின்கள் சிலவற்றில் யூரியா கரைசல் ஊற்றும் தனித் தொட்டி இருக்கிறது. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றவே கூடாது. நம் நாட்டு உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. தொட்டிக்குத் தேவையானதோ கனிம நீக்கம் செய்த நீரில் 32.5 சதவீதம் தூய யூரியா கலந்த கரைசல்.

இவை எதுவும் ஓட்டுநரால் கற்க முடியாத வித்தை அல்ல. அரை நாள் வயலில் வைத்துக் காட்டினால் போதும். ஆனால் விளக்கக் கையேடு உரிமையாளர் வீட்டு அலமாரிக்குப் போகிறது. வண்டியை ஓட்டுபவரோ தினக்கூலி ஓட்டுநர். சம்பா நடவு நேரத்தில் வண்டி நின்றால் உள்ளூர் மெக்கானிக்கால் பழுதுக் குறியீட்டைப் படிக்க முடிவதில்லை. டீலரின் ஆள் கணினியோடு வரும்வரை உழவு கிடக்கும். அந்த நெருக்கடியில்தான் வடிகட்டியைக் கழற்றிவிடும் யோசனை எழுகிறது. அது சட்டத்துக்கும் உடலுக்கும் விரோதம்; ஏற்கவே முடியாது. அந்த யோசனைக்கு இடம்கொடுத்த உற்பத்தியாளர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், பழுதுபார்க்கும் கருவிகளையும் தகவல்களையும் விவசாயிகளுக்கும் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று 2023-இல் சட்டம் இயற்றியது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் தேவை.

சிறிய டிராக்டர்களையும் இதே கண்டிப்புக்குள் கொண்டுவரும் ட்ரெம் 5, 2024 ஏப்ரலில் வரவிருந்து தள்ளிவைக்கப்பட்டது. அது வரும்போது பல மடங்கு அதிகமான ஓட்டுநர்கள் இதே திகைப்பில் நிற்பார்கள். ஆகவே வேளாண் பொறியியல் துறை இப்போதே தொடங்க வேண்டும். தன் வாடகை டிராக்டர்களை ஓட்டுபவர்களுக்கு முதலில் பயிற்சி தரட்டும். மானியத்தில் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும், பயிற்சி பெற்றதாக ஓட்டுநர் கையெழுத்திட்ட தமிழ்ப் படிவம் வராமல் மானியத்தை விடுவிக்கக் கூடாது. அந்த அரை நாள் கூலியை ஓட்டுநர் இழக்காதபடி டீலரே கொடுக்க வேண்டும்.