நடுவயதிற் பெருக்கும் உடலும் சதையிப் புற்றுநோயும்

மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இவ்வாரம் எம் மேசைமேல் இருக்கிறது. அவருடைய தமையனார் சென்ற ஆண்டு சதையியில் உண்டான புற்றுநோயினாற் காலமானார். அப்போது வயது ஐம்பத்தெட்டு. கலியாணமான காலத்தில் ஒடிந்து விழுவார்போல் மெலிந்திருந்தவர், ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகப் பருத்து, ஐம்பது வயதை அடைந்தபோது இருபது கிலோ கூடியிருந்தாராம். துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "பெண்சாதி ஆக்கிப்போட்ட சாப்பாடுதான் மனிதனைக் கொண்டுபோய்விட்டது" என்று எல்லோருங் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் மச்சாள் அடுப்படிக்குப் போகவே அஞ்சுகிறார் என்று சகோதரி எழுதுகிறார். "உடல் பருப்பதனால் இந்நோய் வருமென்பது மெய்யா? வெள்ளைக்காரர் எங்களைவிட எவ்வளவோ பருத்திருக்கிறார்களே, இது இனத்துக்கு இனம் வேறுபடுமா?" என்பன அவருடைய கேள்விகள்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை அடுத்து, குறுக்காகக் கிடக்கும் ஒரு சுரப்பி. நீளம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். நிறை நூறு கிராமுக்கு உட்பட்டது. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் ஒரு வேலை. இன்சுலின் என்னும் சுரப்பை இரத்தத்துக்கு விடுவது மற்றொன்று. 1869ஆம் ஆண்டிலே லாங்கர்கான்ஸ் என்னும் ஜேர்மன் மாணவர் அச் சுரப்பியினுள்ளே தீவுகள்போல ஒதுங்கிக் கிடக்கும் கலக்கூட்டங்களைக் கண்டு எழுதினார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, 1889இல், மிங்கோவ்ஸ்கி, வொன் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றிப் பார்த்தபோது அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. அத் தீவுகளே இன்சுலினைச் சுரப்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று.

புற்றுநோய் பெரும்பாலும் அத் தீவுகளிலன்றி, செரிமான நீர் ஓடும் நாளங்களிலேயே தோன்றுகிறது. உடலின் ஆழத்தில் மறைந்திருக்கும் உறுப்பாகையால் தொட்டுப் பார்த்து அறிய இயலாது; வலி தோன்றும்போது நோய் பரவியிருப்பதே வழக்கம். 2022ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர் நாலரை இலட்சத்துக்கும் அதிகம். இவ்விரண்டு தொகைகளும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் சிலவே.

இனி, பருமனைப் பற்றிய கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2016இல் சான்றுகளை ஆராய்ந்து, மிகைக் கொழுப்போடு தொடர்புடையவையெனப் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களைக் குறிப்பிட்டது. சதையிப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. ஆகவே, தொடர்பு உண்டென்பது மெய்யே. எப்போது கூடிய எடை என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 841 நோயாளரை விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பதினான்கு வயது முதல் முப்பத்தொன்பது வயதுவரையிற் பருத்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமென்றும், இளமையிலும் நடுவயதிலும் பருத்திருந்தவர்களுக்கு நோய் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் முந்தியே வந்ததென்றுங் கண்டது. 2015இல் பதினைந்து இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, இளமைப் பருவத்துப் பருமனும் இடுப்பைச் சுற்றிய கொழுப்பும் தனித்தனியே இந்நோய் மரணத்தோடு தொடர்புடையனவாய் இருந்தன.

இதற்குக் காரணமென்ன? வயிற்றுக்குள் கொழுப்புச் சேரச் சேர, உடல் இன்சுலினின் சொல்லைக் கேளாத நிலை உண்டாகிறது. கேளாத பிள்ளையிடம் குரலை உயர்த்தும் தாயைப்போல, சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையை அடக்குவதோடு நில்லாது கலங்களை வளரவுந் தூண்டும். கொழுப்புத்தானும் வெறுங் கிடங்கன்று. அழற்சியை உண்டாக்கும் பொருள்களை அது நாள்தோறும் வெளியிடுகிறது. இவையெல்லாம் பல ஆண்டுகள் நீடிக்கும்போதே தீங்கு விளையுமென்று கருதுகிறார்கள்.

இனத்துக்கு இனம் வேறுபடுமா என்ற கேள்விக்கு விடை தேடக் கவாய்த் தீவுகளுக்குத்தான் போகவேண்டும். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக 1885 முதல் யப்பானியர் ஆயிரக்கணக்கில் அங்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுடைய மக்களும் பேரரும், தீவின் பூர்வீகக் குடிகளும், வெள்ளையரும் ஒரே கடைத்தெருவிற் பொருள் வாங்கி, ஒரே வைத்தியசாலைகளுக்குப் போகிறார்கள். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வாய்ப்பான இடம் ஏது? கவாய் பல்கலைக்கழகமும் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் 1993 முதல் 1996 வரை, நாற்பத்தைந்து வயதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட 2,15,000க்கு மேற்பட்ட ஆண் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தன. அவர்கள் ஐந்து பிரிவினர்: யப்பானிய வழியினர், கவாய்ப் பூர்வீகர், ஆபிரிக்க வழியினர், இலத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர்.

அந்த ஆய்விலிருந்து 2019இல் வெளிவந்த முடிவு பலரை வியக்க வைத்தது. சதையிப் புற்றுநோய் கவாய்ப் பூர்வீகரிடத்தே மிக அதிகம். அடுத்து யப்பானிய வழியினர். அதற்கடுத்து ஆபிரிக்க வழியினர். வெள்ளையர் இம் மூவர்க்கும் பின்னால் நின்றார்கள். கவாய்ப் பூர்வீகர் பருத்த உடலினர். அவர்கள் முதலிடத்தில் நிற்பதை விளங்கிக்கொள்ளலாம். யப்பானிய வழியினரோ ஐவருள் மெலிந்தவர்கள். மெலிந்தவர்கள் இரண்டாமிடத்துக்கு வந்தது எப்படி?

விடையின் ஒரு பகுதி, உடலை ஊடுருவிப் படமெடுக்கும் கருவிகளாற் கிடைத்தது. உடலின் மொத்தக் கொழுப்பு ஒரே அளவாயிருக்கையிலும், யப்பானிய வழியினரின் வயிற்றறைக்குள்ளும் ஈரலிலும் படிந்திருந்த கொழுப்பு மற்றவர்களினும் அதிகமாகவே இருந்தது. தோலுக்கடியிற் சேமித்துவைக்க இடம் போதாமல் உறுப்புகளிடையே போய்த் தங்குகிறது போலும். ஆனால் இவ்விளக்கத்தைக் கொண்டு எல்லாம் முடிந்ததென்று கணக்கை மூடிவிட முடியாது. ஆபிரிக்க வழியினரின் வயிற்றறைக் கொழுப்பு ஐந்து பிரிவினருள்ளும் குறைவாயிருந்தும், நோய் வெள்ளையரினும் மிகுதி. புகைத்தல், எடை, நீரிழிவு, குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் வேறுபாடு முற்றாக நீங்கவில்லை. இதே ஆய்வின் 2007ஆம் ஆண்டு அறிக்கையிலே, மிகப் பருத்த ஆண்களுக்கு ஆபத்துக் கூடியிருந்தது. பெண்களிடத்தில் அவ்வாறு காணப்படவில்லை. கொழுப்பு ஒரு காரணம் மட்டுமே.

எம்மவர் நிலை யாது? தெற்காசியர் அந்த ஐந்து பிரிவினருள் ஒருவரல்லர். ஆகையால் அவ்வெண்களை அப்படியே எடுத்து எமக்குப் பொருத்துதல் தவறு. இப் பகுதி நாடுகளில் இந்நோய் மேனாடுகளைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. ஆயினும், மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் கொண்ட உருவம் எம்மவர்க்குப் புதிதன்று. சற்று மெலிந்த உடலிலேயே எமக்கு நீரிழிவு வந்துவிடுவதும் இதனாலேதான். எடையைக் கிலோவிற் கண்டு, உயரத்தை மீற்றரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி வருந் தொகையால் எடையை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 25க்கு மேற்பட்டால் மிகையென்பது பொதுவிதி. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள், ஆசியர் 23இலேயே எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்றார்கள். இடை அளவிலே தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80ம் எல்லையாக வகுக்கப்பட்டிருக்கின்றன.

155 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண் இருபது வயதில் 48 கிலோ இருந்து, நாற்பத்தைந்து வயதில் 58 கிலோ ஆனாரென்று வைத்துக்கொள்வோம். அவருடைய எண் 24. பொதுவிதிப்படி அவர் நிறை சரியே. ஆனால் இடையிலே பத்துக் கிலோ கூடியிருக்கிறது. இளமையிற் கூடியது தசையாகலாம், முப்பதுக்குப்பின் கூடியது பெரும்பாலுங் கொழுப்பே. "கலியாணத்தின்பின் நல்ல சதை வைத்திருக்கிறீர்" என்று எம்மவர் வாயாரப் பாராட்டுவது இந்தக் கொழுப்பைத்தான்!

இனி அந்த உறவினரின் சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவிலே அறுபது பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. பருமனால் ஆபத்து ஒன்றரை மடங்காயிற்றென்று கொண்டாலும், நாற்பது பேரில் ஒருவர் என்ற அளவே. மற்ற முப்பத்தொன்பது பேரும் அதே சோற்றை உண்டு, அதே அளவு பருத்து, வேறு காரணங்களால் இறக்கிறார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றி ஆய்வு சொல்லக்கூடியதை ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. செத்தவீட்டிற் பந்தலின் கீழிருந்து சொல்ல எவருக்கும் உரிமையுமில்லை. சகோதரி இவ் வரிகளைத் தம் மச்சாளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். உமது தமையனார் இருபது வயது முதல் புகைத்தவரென்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர். புகைத்தல் இந்நோயின் ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். அதைப்பற்றி அந்த உறவினர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

மற்றொரு செய்தி எல்லாக் குடும்பங்களும் அறியத்தக்கது. கவாய், கலிபோர்ணியா ஆய்வின் ஆபிரிக்க, இலத்தீன் வழியினரிடையே, நீரிழிவும் பின்னர் இந்நோயும் கண்டவர்களுட் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந் நீரிழிவு, புற்றுநோய்க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள்ளேயே புதிதாகத் தோன்றியிருந்தது. அதாவது, சில வேளைகளில் நீரிழிவே மறைந்திருக்கும் நோயின் முதற் குறி. வழக்கமான நீரிழிவு எடை கூடியவரிடம் வரும். இதுவோ எடை இறங்கும்போது வருவது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் முயற்சியின்றி மெலிந்து, அதே காலத்தில் சர்க்கரையும் புதிதாகக் கூடுமாயின், "சலரோகம் வந்தால் மெலியத்தானே வேண்டும்" என்று இருந்துவிடாது வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், மலம் வெளிறுதல், உடலெங்கும் தினவு, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி ஆகியனவுஞ் சொல்லத்தக்கவை.

நோய்க்குறி ஒன்றுமில்லாத எல்லோரையும் படமெடுத்துச் சோதிப்பதை அறிஞர் சிபாரிசு செய்வதில்லை. குடும்பத்தில் நெருங்கிய உறவினர் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இந்நோய் வந்திருந்தால் நிலைமை வேறு. அவர்களைத் தனியே கண்காணிப்பதுண்டு. தந்தையார் வயிற்று நோயால் இறந்தாரென்று மட்டும் சகோதரி எழுதியிருக்கிறார். அது எந்த உறுப்பில் வந்த நோயென்று வீட்டிலுள்ள பழைய வைத்தியசாலைச் சீட்டுகளைப் பார்த்து அறிந்து, அடுத்தமுறை வைத்தியரைக் காணும்போது அவற்றையுங் கொண்டு செல்லட்டும்.