சனிக்கிழமை சரி, எத்தனை மணிக்கு?

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே குழப்பிக்கொண்டிருந்த அமெரிக்க அரசு 2000 மே மாதம் அதை நிறுத்தியது. ஓரிரு நாளிலேயே ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பாவை ஒளித்துவிட்டார்கள். அவ்வளவு வேகம்!

விஷயம் டப்பாவைப் பற்றியது இல்லை, மின்னஞ்சலைப் பற்றியது. ஜியோகேச்சிங்.காம் தளத்தில் பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு 'பாக்கெட் கொயரி' என்று ஒரு வசதி உண்டு. இந்த ஊரைச் சுற்றி இத்தனை மைலுக்குள் இருக்கும் டப்பாக்கள் வேண்டும் என்று ஒரு தேடலை எழுதி வைத்து, கிழமையை டிக் செய்துவிட்டால் போதும். அன்றைக்கு ஜிபிஎக்ஸ் கோப்பு ஜிப்பாகி மின்னஞ்சலில் வந்துவிடும். முதலில் ஒரு தேடலுக்கு 500 டப்பாக்கள், பிறகு 1000 என்று ஆக்கினார்கள். இப்போது கோப்பைத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழமையைக் கேட்கும் தளம் மணியைக் கேட்பதில்லை. அந்தக் கிழமையும் சியாட்டில் நகரத்துக் கிழமை. அங்கே சனிக்கிழமை பிறக்கும்போது ஜெர்மனியில் காலை 9 மணி. அதன் பிறகுதான் வரிசையே நகர ஆரம்பிக்கும். 8 மணிக்குக் காட்டுக்குக் கிளம்புகிறவருக்கு 'சனி' என்ற டிக்கால் ஒரு பயனும் இல்லை. வெள்ளியை டிக் செய்ய வேண்டும் என்பதை அவராகவே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த வரிசைக்கும் ஒரு விதி உண்டு. ஓடி அதிக நாளான தேடலுக்கு முன்னுரிமை, தினமும் ஓடுவதற்குக் கடைசி இடம். நியாயமான விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? புதுத் தேடல் உடனே ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்கள், பழையதையே நகல் எடுத்துப் புதிது மாதிரி போட ஆரம்பித்தார்கள். நேரத்துக்கு வராதோ என்ற பயத்தில் வேறு சிலர், தேவையே இல்லாத நாட்களையும் டிக் செய்து வைத்தார்கள். வரிசை நீண்டால் தாமதம், தாமதம் ஆனால் இன்னும் நாலு டிக்!

'பொழுதுபோக்குதானே, கொஞ்சம் லேட்டானால் என்ன?' என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். நிலத்துக்காரர் ஆட்சேபித்தால் அங்கே இருக்கும் டப்பாவைத் தளத்தில் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். மூடியது அடுத்த கோப்பில் வராது. மூடிவிட்டோம் என்று ஒரு வரிகூட இருக்காது, சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அந்தக் கோப்பு வந்து சேராத ஆள், போன வாரக் கோப்பை நம்பி வேண்டாம் என்று சொன்னவரின் வேலியைத் தாண்டிக்கொண்டிருப்பார் :-( மின்னஞ்சலும் வரவில்லை, அது வரவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

கைபேசியில் நேரடியாகப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், டவர் கிடைக்கிற இடத்தில். மலையில், காட்டில் இருக்கிற டப்பாவுக்குக் கையில் இருக்கும் கோப்புதான் துணை.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. 'எந்தக் கிழமை வேண்டும்' என்பதற்குப் பதிலாக 'எப்போது கிளம்புகிறீர்கள், எந்த ஊர் நேரம்' என்று கேட்டால் போதும். யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்று கணினிக்கே தெரிந்துவிடும். ஞாயிறு மதியம் கிளம்புகிறவரின் தேடல் சனி இரவு வரை காத்திருக்கலாம், சனி காலை ஆளுடையது முன்னால் ஓடட்டும். கெடு எதற்கு முன்னால் வருகிறதோ அதை முதலில் முடி என்பது கணினிப் பாடப் புத்தகங்களில் எப்போதோ வந்துவிட்ட முறைதான். அப்படியும் முடியாமல் போனால், கிளம்பும் நேரத்துக்கு முன்னால் 'இன்று தயாராகவில்லை, உங்களிடம் இருப்பது இந்தத் தேதிக் கோப்பு' என்று இரண்டு வரி மின்னஞ்சல். அதற்கு வரிசையில்கூட நிற்கத் தேவையில்லை.