‘நார்மல்’ என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது: ரத்த அழுத்த மருந்து குறித்து எங்கள் நிலைப்பாடு

பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவருக்குச் ‘சொன்ன பேச்சு கேட்காதவர்’ என்று முத்திரை குத்தும் வழக்கத்தை, மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. பல நேரம் அவர் எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். 120/80 காட்டியதும் "நார்மல் ஆயிடுச்சும்மா" என்கிறோம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விட்டுப் பழகியவர் அதை வேறெப்படி எடுத்துக்கொள்வார்?

‘ரத்தக் கொதிப்பு’ என்ற சொல்லே பாதி வம்பு. கொதிப்பு என்றால் சூடு, கோபம். இளநீரும் மோரும் குடித்தால் தணிந்துவிடும் என்று தோன்றாதா? "எனக்கு டென்ஷனே இல்லையே டாக்டர், பிரஷர் எப்படி வரும்?" என்ற கேள்வியைக் கேட்காத மருத்துவர் எங்களில் இல்லை. தலைசுற்றும் நாளில் மட்டும் மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே உயர் ரத்த அழுத்தம் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க நோயாளியை வரச் சொல்கிறோம். காலை மாத்திரையையும் போடாமல் வந்து நிற்கிறார். கருவி 160/100 காட்டுகிறது. அம்லோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கி எழுதுகிறோம். சில வாரத்தில் கணுக்கால் வீங்க, பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

டோஸை ஏற்றும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறோம். ‘நார்மல்’ என்பதோடு நிறுத்தாமல், "மாத்திரையாலதான் கட்டுக்குள்ள இருக்கு, விடாதீங்க" என்று சொல்ல வேண்டும். வீக்கமோ வறட்டு இருமலோ வந்தால் தானாக நிறுத்தாமல் வந்து காட்டச் சொல்ல வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. வேளையும் அளவும் சீட்டில் தமிழில் இருக்க வேண்டும். கம்பெனி மாறி மாத்திரையின் நிறமும் மாறினால், "அதே மருந்துதான்" என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித் தர வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு. நேற்று விட்டதற்கு இன்று இரண்டாகப் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்ததை வரவேற்கிறோம். ஆனால் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய நிலையில் தன்னார்வலர் இருக்கக் கூடாது. பழைய அட்டையை வாங்கி, மிச்சத்தை எண்ணி, ஏன் போடவில்லை என்று பொறுமையாக விசாரிக்க அவருக்கு நேரமும் பயிற்சியும் அரசு தர வேண்டும். திட்டு விழும் என்று தெரிந்தால் அந்த அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.