அப்பா வாங்கிய பிக்கப்புக்குப் புது இன்ஜின்: நூறு ரூபாய்க் கணக்கு

பழமையைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றம், பழமலை என்று எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். அகல் விளக்கும் கொலு பொம்மையும் சூளையில் வைத்து எடுக்கும் அந்தப் பீங்கான் ஊரில், அப்பா காலத்து மகேந்திரா பிக்கப் ஒன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடி கெட்டி. சேஸிஸ் கெட்டி. இன்ஜின் மட்டும் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது. புது வண்டி வாங்கத் தவணை கட்ட முடியாது. ‘நல்ல மாடர்ன் இன்ஜினா ஒண்ணு பழசுல பார்த்துப் போட்டுடலாம்’ என்ற யோசனை வரும். வீட்டில் நகையை எடுத்து வைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் காகிதம்

பலரும் கடைசியில் பார்ப்பதை நாம் முதலில் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் இன்ஜினையே மாற்ற முடியாதா? இன்ஜின் மாற்றத்தைப் பற்றிச் சட்டம் பேசும் இடத்தில் ‘அதே தயாரிப்பு, அதே வகை’ என்ற சொற்கள் வருகின்றன. அந்த எல்லைக்குள் இருந்துகொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்பதுதான் பாதுகாப்பான வழி. அனுமதி கைக்கு வந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். இன்ஜினுக்கு பில் வேண்டும். பில்லில் இன்ஜின் எண் வேண்டும். புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூர்க் காயலான் கடையில் வாங்கினாலும் இது பொருந்தும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

மஞ்சள் போர்டு வண்டி எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண் என்றால் அங்கேயே சிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. யாருக்காவது அடிபட்டு வழக்கு வந்தால், எண் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யும். அந்தச் சுமை குடும்பத்தின் தலையில் விழலாம்.

எந்த இன்ஜின்?

அமெரிக்காவில் பழைய பிக்கப் பிரியர்கள், நசுங்கிப் போன ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளிலிருந்து 5.3 லிட்டர் வி-8 இன்ஜினைக் கழற்றி அரை நூற்றாண்டுப் பழைய செவர்லேயில் பொருத்துகிறார்கள். அங்கே அந்த வேலைக்கென்றே மவுன்ட்டும் ஒயரிங்கும் கடையில் விற்கின்றன. நம் ஊரில் அந்த வசதி குறைவு. அதனால் சொந்தக்கார இன்ஜினைத் தேடுவதே சிக்கனம்.

1980-களின் மகேந்திரா ஜீப்புகளில் 2,112 சி.சி. பெஷோ டீசல் இன்ஜின் இருந்தது. பின்னால் வந்தது 2,523 சி.சி. டி.ஐ. இன்ஜின். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடும் மெக்கானிக்குகள் நம் ஊர்களில் உண்டு, கம்ப்யூட்டரும் தேவையில்லை. பிந்தைய பொலேரோ பிக்கப்புகளில் வரும் காமன் ரெயில் இன்ஜின் கொள்ளளவில் அதே 2,523 சி.சி.தான். ஆனால் அதற்கு இ.சி.யு., சென்சார்கள், ஒயரிங் கட்டு, எலெக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாமே கூடவே வர வேண்டும். வெறும் இன்ஜினை வாங்கி வந்து, மற்றதை ஒவ்வொன்றாகத் தேடினால் இன்ஜின் விலையை அவை தாண்டிவிடும்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின் பொருத்தியபோது, கூடவே ஐந்து கியர் பெட்டியையும் மாற்றியது. தொழிற்சாலையே அப்படித்தான் செய்தது என்றால், பட்டறையில் நாம் இன்ஜினை மட்டும் மாற்றி நிறுத்த முடியுமா? ஆகவே இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வாங்குங்கள். பெல் ஹவுசிங், பிளைவீல், கிளட்ச் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். வாங்கும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கிறதா? ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடம் இருக்கிறதா? புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் சரியா?

நூறு ரூபாய்க் கணக்கு

கையில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நான் பிரிக்கும் விதம் இது. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்: 35 ரூபாய்.
மவுன்ட், ரேடியேட்டர், சைலன்சர், ஒயரிங், கூலி: 20 ரூபாய்.
பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங்: 20 ரூபாய்.
அனுமதி, ஆர்.சி. திருத்தம், இன்சூரன்ஸ் திருத்தம்: 5 ரூபாய்.
தொடாமல் வைக்க வேண்டியது: 20 ரூபாய்.

கடைசி இருபதை யாரும் ஒதுக்குவதில்லை. அதனால்தான் பல பட்டறைகளில் இன்ஜின் இல்லாத வண்டி ஒன்று ஓரமாக நின்று துருப்பிடிக்கிறது.

மூன்றாவது வரியைப் பீங்கான்காரர்கள் அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள். சர்வோ இல்லாத பழைய டிரம் பிரேக், பழைய இன்ஜினின் வேகத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. வேகம் கூடினால் நிறுத்தும் திறனும் கூட வேண்டும். சரக்கு உடைவதும் பெரும்பாலும் இன்ஜினால் அல்ல. ஓய்ந்துபோன லீஃப் ஸ்பிரிங், செத்த ஷாக் அப்சார்பர், கிழிந்த ரப்பர் மவுன்ட் ஆகியவற்றால். வைக்கோல் சுற்றிய ஐநூறு அகலை உடையாமல் கடலூர் கொண்டுபோய்ச் சேர்க்கக் குதிரைத் திறன் அதிகம் தேவையில்லை.

வேறு வழியும் உண்டு

இருக்கிற இன்ஜினுக்கே லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, பம்ப்பையும் நாசிலையும் சரிபார்த்தால் என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். எண் மாறாது, அனுமதி அலைச்சல் இல்லை. பிழைப்புக்கு ஓடும் வண்டி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பாகம் கிடைக்கவில்லை, பிளாக் வெடித்துவிட்டது என்றால் மட்டும் மாற்று இன்ஜின்.

எதைச் செய்தாலும் காலம் பார்த்துச் செய்யுங்கள். நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் சரக்கு ஓடும் நேரத்தில் வண்டியைப் பட்டறையில் ஏற்றினால், வாடகை வண்டிக்கே லாபம் போய்விடும். பொங்கல் முடிந்து தை மாதக் கடைசியில் ஆரம்பித்தால் சித்திரைக்குள் முடிக்கலாம். மெக்கானிக் ஒரு மாதம் என்று சொன்னால் நீங்கள் இரண்டு மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.