பொருநைக் கரைத் தாழிகளில் கை கால் எலும்புகள்: ஒரு கருத்துரை

பொருநைக் கரையில் கிடைத்த மனித எலும்புகளைப் பற்றிய ஆய்வு நெடுங்காலம் மண்டையோட்டையே முதன்மையாகக் கொண்டிருந்தது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிச் சக்கர்மேன் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்த பின்னரும் ‘இவர்கள் எந்த இனத்தவர்?’ என்னும் வினாவே பொதுவெளியில் மேலோங்கியது. ‘இவர்கள் எவ்வாறு உழைத்தனர், எதனால் நொந்தனர்?’ என்னும் வினா தமிழாய்வுக்கு அதனினும் பயனுடையது. அதற்கு விடை தரத்தக்கவை கை கால் எலும்புகளும் மூட்டுகளுமே.

மூட்டின் குருத்தெலும்பு முற்றும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசினால், உரசிய பரப்பு தந்தம்போல் பளபளப்பாகும். ஓரங்களில் புதிய எலும்பு முளைக்கும். நெடுநேரம் குந்தி அமர்வோரின் கணுக்கால் எலும்பில் சிறு தேய்முகங்கள் தோன்றும். முறிந்து கூடிய தொடை எலும்பு, நடக்கவியலாது கிடந்த ஒருவரைப் பிறர் பேணியிருக்க வேண்டும் என்பதை உணர்த்தும். பண்டைச் சமூகத்தின் அன்பையும் கடமையையும் பற்றிப் பேசும் நமக்கு இஃது எளிய சான்றன்று.

கொற்கைக்கு இவ்வினா தனிப் பொருத்தமுடையது. அங்கு 1960களின் இறுதியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரிமாதிரி கி.மு. 785 என்னும் காலக்கணிப்பைத் தந்தது. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தைச் சிறப்பிக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் எரித்திரேயக் கடற்பயண நூலோ, அங்கு முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. முத்தின் பெருமைக்குச் சான்று மிகுதி. அதை எடுத்தவரின் உடல் பட்ட பாட்டுக்குச் சான்று அரிது. அதை எலும்பில் தேடுவது முறையே.

எனினும் எச்சரிக்கை வேண்டும். மூட்டுத் தேய்வுக்கு உழைப்பு மட்டுமன்றி முதுமை, உடல் எடை, மரபு ஆகியனவும் காரணங்களாம். தாழிகளில் எலும்புகள் சிதைந்தும் கலந்தும் கிடைப்பதுண்டு. ஆகவே ஒரு தோள்மூட்டைக் கண்டு ‘இவர் முத்துக் குளித்தவர்’ என முடிவு கட்டுதல் ஆய்வாகாது. பல உடல்களை அகவை, பால், இடம் என வகுத்து ஒப்பிட்டாலே ஏதேனும் கூறவியலும். தாழிகளின் காலத்தையும் இலக்கியத்தின் காலத்தையும் ஒன்றாகக் கருதுதலும் பிழையே.

செய்யத்தக்கவை மூன்று. அகழாய்வில் சிறு எலும்புத் துண்டையும் இடம், வலம், மூட்டு எனக் குறித்துப் பதிவு செய்தல் வேண்டும். 1965 முதல் இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்றவற்றின் எலும்பு மருத்துவர்கள் ஊடுகதிர்ப் படங்களைத் தொல்லியலாரோடு இணைந்து படித்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் நெய்தல், மருத நில மக்களின் தொழில்வினைகளை இலக்கியத்திலிருந்து தொகுத்து, எந்த வினை எந்த மூட்டை வருத்தும் என்னும் வினாவை அவர்கள்முன் வைத்தல் வேண்டும். இம்மூன்றாவது பணி நம்முடையது. அதற்கு அடுத்த அகழாய்வுவரை காத்திருக்கத் தேவையில்லை.