வெட்கத்தின் விலை என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. இரவு ஷிப்டு முடிந்து ஒரு தொழிலாளி வீடு திரும்புகிறார். உடம்பெல்லாம் அலுப்பு. மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசக்கூடத் தெம்பு இல்லை.

வழியில் சுவரில் ஒரு விளம்பரம்: "ஆண்மைக் குறைவா? உடனே வாருங்கள்!"

அவருக்குத் திக்கென்கிறது. யாரிடமும் சொல்லாமல் லாட்ஜ் வைத்தியரைத் தேடிப் போகிறார். பாதிச் சம்பளம் அங்கேயே போய்விடுகிறது. கையில் ஒரு லேகிய டப்பாதான் மிச்சம்!

இப்படி விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் விளம்பரங்கள் ஒழிந்தபாடில்லை. காரணம், ஆண்களின் வெட்கம்.

உண்மையான மருந்து எது?

ஆண்களின் விரைகளில் சுரக்கும் ஹார்மோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர். 1935-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். நோயினால் இது சுரக்காதவர்களுக்கு இந்த மருந்து ஒரு வரப்பிரசாதம்.

செலவு எவ்வளவு?

2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்குச் சில நூறு ரூபாய். ஏறக்குறைய 3 மாதம் தாங்கும் ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய். அதோடு முடிந்ததா? இல்லை. ரத்தம் தடித்துவிடாமல் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பலருக்கு ஆயுள் முழுவதும் மருந்து தேவை. அரிசி, பருப்பு போல இதுவும் தொடர்ந்து வரும் செலவு!

தேவை இல்லாதவர் போட்டுக்கொண்டால் பணம் மட்டுமா நஷ்டம்? வெளியிலிருந்து இந்த ஹார்மோன் வந்தால், உடம்பில் விந்தணு உற்பத்தி குறையும், நின்றும் போகலாம். பிள்ளை வேண்டும் என்று போட்ட ஊசியே பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகிவிடும்!

முதலில் என்ன செய்வது?

அலுப்புக்குச் சர்க்கரை நோய், ரத்த சோகை, தைராய்டு, குடி, மனக்கவலை என்று பல காரணங்கள் உண்டு. தூக்கக் குறைவும் ஒன்று. 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரமே தூங்கவிட்டுச் சோதித்தார்கள். பகலில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. இரவு ஷிப்டுக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆகவே, முதலில் டாக்டரிடம் போக வேண்டும். இரவு ஷிப்டு பார்ப்பதை அவரிடம் சொல்ல வேண்டும். வெவ்வேறு 2 நாட்களில், காலையில் எடுத்த ரத்தத்தில் குறை தெரிந்த பிறகே ஊசியைப் பற்றிப் பேச்சு.

ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கிறார்களே, அது எதற்கு? இதற்கும் சேர்த்துத்தான்! ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆலைகளில் நடக்கும் மருத்துவ முகாம்களிலும் இதைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணவன் மனைவியிடம் மறைக்கக் கூடாது. மனைவியும் கேலி செய்யக் கூடாது. இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்த்தால், லாட்ஜ் வைத்தியருக்குப் போகும் சம்பளம் வீட்டுக்கு வந்து சேரும்.