ஒழுகுவது எங்கே?
(ஆட்டோமொபைல், மூன்றாம் ஆண்டு)

நம்ம லேபில் மேசை மேல் ஒரு கியர்பாக்ஸ் இருக்கிறது. பாதியாக வெட்டி, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக அதைப் பார்த்துத்தான் படம் வரைகிறோம். வைவாவில் சார் குச்சியால் தொட்டுக் காட்டினால் "லே ஷாஃப்ட் சார், சிங்க்ரோனைசர் சார், ஆயில் சீல் சார்" என்று ஒப்பிக்கிறோம், மார்க் விழுகிறது. ஆனால் அந்தக் கியர்பாக்ஸில் ஒரு சொட்டு ஆயில்கூட கிடையாது. ஆயில் இல்லாத கியர்பாக்ஸ் ஒழுகவே ஒழுகாது. ஒழுகாத கியர்பாக்ஸில் படித்தவன் ஒழுகும் வண்டிக்கு அடியில் படுத்தால் என்ன செய்வான்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. லேபுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நிற்கும் அம்பாசிடரை இரும்பு விலைக்குப் போடப் போகிறார்களாம். அரசு ஆபீஸ் அம்பாசிடர்கள் போனதற்காவது ஒரு விதி இருக்கிறது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நம்ம வண்டி அந்தக் கணக்கில் வராது. பையன்கள் கழற்றிப் பழகட்டும் என்று வெளியாள் ஒருவர் கொடுத்த வண்டி. இடம் அடைக்கிறது, தரையெல்லாம் ஆயில், இதுதான் சொல்லப்படும் காரணம். என் கருத்து நேர் எதிர். தரையில் ஆயில் விழுகிறது பாருங்கள், அதற்காகவே அந்த வண்டி நமக்கு வேண்டும்.

அம்பாசிடர் ஒன்றும் சாதாரண வண்டி இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து, வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை செய்தார்கள். எல்லாம் கைக்கு எட்டும், ஸ்பேனருக்கு மசியும். கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறைச் சொல்லும் வண்டி அல்ல. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு பட்டறைக்குப் போவேன். அங்கே ஒரு டிரைவர் மாமா வருவார். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய அம்பாசிடர் வாடகைக்கு விடுகிறவர். கியர்பாக்ஸ் வால் பக்கம் ஒழுகல். மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினால் கோலத்தின் மேல் கறுப்பாய்ச் சொட்டு. பெண் வீட்டார் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? இரண்டு முகூர்த்தம் கைவிட்டுப் போயிற்று. வேறொரு இடத்தில் மூன்று தடவை பின் சீலை மாற்றியிருக்கிறார்கள். மூன்று தடவையும் காசு, மூன்று தடவையும் ஒழுகல்.

எங்க பட்டறை அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "தம்பி, மொதல்ல குளிப்பாட்டு" என்றார். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பெல் ஹவுசிங்கிலிருந்து வால் வரை தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காய வைத்தோம். அப்புறம் சுற்றிலும் சாக்பீஸ் தூளைத் தூவினோம். "பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க மாமா" என்று அனுப்பினோம். திரும்பி வந்ததும் குழியில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தோம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கே ஒழுகுவதில்லை! மேலே எங்கோ கசிந்து, அடிப்பக்கமாக ஓடி, ஓடும் வண்டியின் காற்றில் பின்னுக்குப் போய், கடைசியில் தாழ்வான இடத்தில் சொட்டுகிறது. ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். அந்த வண்டியில் தூள் முதலில் நனைந்திருந்தது ஸ்பீடாமீட்டர் கேபிள் வந்து சேரும் இடத்தில். அங்கிருந்து வழிந்து சீலின் உதட்டில் தொங்கிச் சொட்டியிருக்கிறது. பாவம் சீல், செய்யாத குற்றத்துக்கு மூன்று தடவை தண்டனை! பினியன் உட்காரும் சின்னக் கூட்டின் சீலையும் வாஷரையும் மாற்றினோம். அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் மாமா வண்டியில் சொட்டு இல்லை.

சீலே நிஜமாக ஒழுகினாலும் உடனே புதுசு வாங்க ஓடக் கூடாது. உள்ளே மூச்சுத் துளை அடைத்திருக்கலாம். ஓட ஓட ஆயில் சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது, வெளியேற வழி இல்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். இந்தத் துளை சில வண்டியில் தனியாக இருக்கும், சிலதில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே இருக்கும். அடுத்தது லெவல். வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஆயில் ஊற்றினால் அளவு தப்பும், அதிகமானது எப்படியும் வெளியே வரும். இன்னொன்று, சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தாலே தட்டும். வால் பக்கத்து பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தக் கம்பெனி சீலும் நிற்காது.

முன்பக்கம் பெல் ஹவுசிங்கிலிருந்து சொட்டினால் இன்னும் தலைவலி. அது கியர்பாக்ஸ் ஆயிலா, என்ஜினின் பின்பக்க ஆயிலா? தொட்டு மோந்து பார்த்தால் கியர் ஆயிலில் கந்தக வாடை வரும். ஆனால் எம்.ஜி.பி. போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் என்ஜின் ஆயில்தான், அங்கே மூக்கு உதவாது. ஒவ்வொன்றிலும் லெவல் எவ்வளவு இறங்குகிறது என்று சில நாள் குறித்துப் பார்க்க வேண்டியதுதான். விட்டுவிட்டால் அந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறும், கிளட்ச் வழுக்கும்.

"ஒரு சொட்டுதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விடாமல் விழுந்தால் நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. 14 நாளில் ஒரு லிட்டர் போச்சு! கியர்பாக்ஸுக்கு ஆயில் எச்சரிக்கை விளக்கு இல்லை. சத்தம் கேட்கும்போது பேரிங் போயிருக்கும்.

சீல் போடுவதும் சுத்தியலால் அறைகிற வேலை இல்லை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃப்ளாஞ்சில் குறி போட வேண்டும், அப்போதுதான் பழைய நிலையிலேயே சேரும். சீலின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், உதட்டில் ஆயில் தடவ வேண்டும், சரியான அளவுக் குழாயை வைத்துக் கோணாமல் இறக்க வேண்டும். பழைய பெட்டியில் பித்தளை சிங்க்ரோ ரிங் இருந்தால் ஜி.எல்.5 ஆயிலில் ஜாக்கிரதை, மேனுவல் சொல்வதையே ஊற்றவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். இதில் எதையும் அந்தக் கலர் பெயிண்ட் மாடல் கற்றுத் தராது.

"எல்லாம் கரண்ட் கார் ஆயிடும், இனிமே எதுக்குடா அம்பாசிடர்?" என்று ஒரு நண்பன் கேட்டான். கரண்ட் காரிலும் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அதில் ஆயில் இருக்கிறது, ஷாஃப்ட் இருக்கிறது, சீலும் இருக்கிறது. தேடுகிற முறை மாறாது. சார்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் ஒரு வண்டி, கொஞ்ச நேரம். ஆறு பேராகப் பிரித்து ஒரு வாரம் ஒரு குழுவுக்குக் கொடுக்கலாமே? சார் ரகசியமாக ஒரு பிளக்கைத் தளர்த்தி வைக்கட்டும், நாங்கள் கண்டுபிடிக்கிறோம். பெயர் சொன்னதற்குப் பாதி மார்க், கண்டுபிடித்ததற்குப் பாதி மார்க் போடுங்கள்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். "பட்டறைப் பையன் சம்பளம் வாங்கிக்கிட்டே கத்துக்கிறான், நீ ஃபீஸ் கட்டிக் கத்துக்கிறியே, அவனுக்குத் தெரியாதது உனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏன் சூடானால் அழுத்தம் கூடுகிறது என்று எனக்குத் தெரியும், எங்கே கை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் அந்த டிப்ளமோவுக்கு மதிப்பு. அதற்கு நமக்கு ஒழுகுகிற வண்டி ஒன்று வேண்டும்.

வண்டியை விற்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு தடவையாவது கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற ஒவ்வொரு குழுவுக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அடுத்த பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வருகிறேன். மண்ணெண்ணெய்க்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் சங்க நிதியில் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லியும் கேட்பேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மெக்கானிக்கல் பிரிவிலிருந்து வந்தாலும் சரி.